குழாய்ப் பாட்டில் ஒரு இருமல்

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனியில், பெட்டிகளின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்பது மட்டும்தான். அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் லாரியின் மேல் நிற்கிறவருக்கும் தெரிகிற அளவில் இருக்கும். பிழைகளும் இருக்கும். சின்ன ர, பெரிய ற விஷயத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மன்றத்தில் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பாட்டுக்காரரின் பாட்டுகள் ஏன் பிடிக்கும் என்று ஆளுக்கொரு கட்டுரை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அவருக்கே அனுப்பப்போகிறார்கள். என்னுடையது மட்டும்தான் இன்னும் வரவில்லை. பாட்டைப் பற்றி எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். ஆனால் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு இருமலைப் பற்றித்தான். என் கல்யாணமும் அந்த இருமலுக்குள்தான் இருக்கிறது.

பாட்டுக்காரர் என்றால் சினிமாவில் பாடுகிறவர் இல்லை. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, அவரே பாடுகிறவர். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறவனைப் பற்றி ஒரு பாட்டு. கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லியைப் பற்றி ஒரு பாட்டு. நிற்காமல் போன பஸ்ஸைக் கோபித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று ஒரு பாட்டு. முதல் ஆல்பத்தில் ஆர்மோனியம் மட்டும். இரண்டாவதில் ஆர்மோனியமும் ஒரு டோலக்கும். மூன்றாவதில் யாரோ அவர் கையில் கிதாரைக் கொடுத்துவிட்டார்கள். அதை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை.

மன்றத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிற பாய் ஒருவரின் கடைதான் மன்றம். பாய்தான் தலைவர். செயலாளர், மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்து இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருப்பவர். அவரை மில்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இன்னொருவர் குருசுக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா. பாய்க்குச் சங்கரா மீன் கொடுக்க வந்தவர் பல்லிப் பாட்டைக் கேட்டுக் கூடையை இறக்கி வைத்தார். அன்று அந்தத் தெருவில் யாருக்கும் மீன் கிடைக்கவில்லை. மன்றத்துக்கு ஒரு உறுப்பினர் கிடைத்தார். மூலையில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான்.

புது ஆல்பம் வந்தால் மன்றத்தில் மில்காரர் தேங்காய் உடைப்பார், பாய் பேரீச்சம்பழம் கொடுப்பார். கேசட் காலத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. கேசட்டை ஸ்டூலில் வைத்து முன்னால் உடைப்போம். இப்போது ஆல்பம் போனில்தானே வருகிறது, எதன் முன்னால் உடைப்பது என்று போன தடவை பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியில் பாயின் போனையே ஸ்டூலில் நிறுத்தி மாலை போட்டோம். மாலையிலிருந்த ஒரு ரோஜா கண்ணாடியில் பட்டு, பாட்டு தானாக அடுத்த பாட்டுக்குத் தாவியது. "பூவுக்கே இந்தப் பாட்டு புடிக்கலடா" என்றார் மில்காரர். அந்தப் பாட்டை நாங்கள் இன்றுவரை முழுதாகக் கேட்கவில்லை.

இனி இருமல்.

இரண்டாவது ஆல்பத்தில் குழாய்ப் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் வராத தெருக்குழாயின் கீழே குடத்தை வைத்துவிட்டு ஒருவன் காத்திருக்கிறான். இரண்டாம் சரணம் முடிந்ததும் ஆர்மோனியம், டோலக்கு எல்லாம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரே ஒரு இருமல். அதற்குப் பிறகு மூன்றாம் சரணம் வரும்.

அந்த இருமலைப் பற்றி எங்கள் மன்றத்தில் பேசியதைப்போல வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. "பஞ்சுத் தூசி தின்னவன் இருமல்டா அது. குழாயடில நிக்கிறவன் மில்லுக்காரன்" என்று மில்காரர் அடித்துச் சொல்வார். பாய் ஒப்புக்கொள்ள மாட்டார். "தண்ணி வர்றதுக்கு முன்னாடி குழாய்ல காத்து வரும்ல? அந்தச் சத்தத்த மனுசன் தொண்டையால போட்டுக் காட்றாரு." பின்னாளில் வந்து சேர்ந்த அக்கா இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். "நீங்க ரெண்டு பேரும் என்னைக்காவது குழாயடிக்குப் போனவங்களா இன்னா? பொம்பளைங்க நிக்கிற எடத்துக்கு ஆம்பள வந்தா தொண்டையக் கனைச்சிக்கினு வருவான் இல்ல? நான் வந்திருக்கேன்னு அர்த்தம்."

என் கருத்தை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஏதாவது சொல்ல வாயெடுத்தால் வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வரும். பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தம் சொல்ல முடியாமல் இருமி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு பெரிய பாட்டுக்காரர் தன் பாட்டின் நடுவில், வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் இருமியிருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? என்னைப் போன்றவனுக்காகவும் ஒருவர் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அதே ஆல்பம் சி.டி.யாக வந்தது. குழாய்ப் பாட்டில் இருமலைக் காணவில்லை. சுத்தப்படுத்திவிட்டார்கள். ஒன்றுமில்லாத இடம் அப்படியே இருந்தது, இருமல் மட்டும் இல்லை. அன்றைக்கு மன்றம் இரண்டானது. உப்பளம் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் எழுந்து நின்று, "இருமல் ஒரு பிழை. பாட்டுக்காரரே எடுத்துட்டாரு. இனிமே இருமலப் பத்திப் பேசறவன் ரசிகனே இல்ல" என்றார். "எடுத்தது அவரு இல்ல, கம்பெனிக்காரன்" என்றார் பாய். ஜெராக்ஸ்காரர் தன் ஆட்களோடு போய் உப்பளத்தில் தனி மன்றம் வைத்துக்கொண்டார். அவர் எங்களோடு இருந்த காலம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால் என்னை அவருக்கு அடையாளம்கூடத் தெரியாது.

எங்களிடம் பழைய கேசட் இருந்தது. உப்பளத்தார்மீது இருந்த கோபத்தில் இருமலை மட்டும் திருப்பித் திருப்பி ஓடவிட்டுக் கேட்டோம். ஒருநாள் சரியாக இருமலின் மேலேயே நாடா அறுந்தது. மில்காரர் ஒரு வாரம் சவரம் செய்துகொள்ளவில்லை. பாய்தான் வழி சொன்னார். போனில் பாட்டைப் போடுவோம், இருமல் வருகிற இடத்தில் நம்மில் ஒருவர் இருமுவோம்.

யார் இருமுவது என்று தேர்வு வைத்தார்கள். பாய் இருமினால் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி வைக்கிற மாதிரி கனமாக இருந்தது. மில்காரர் ஆரம்பித்தால் மூன்றாம் சரணம் முடிந்தும் நிற்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையிலிருந்து நான் இருமினேன். நான் வேண்டுமென்று இருமவில்லை, தேர்வில் கலந்துகொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "அதே இருமல்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் இருமுகிறவன் நான். பாய் எனக்கென்று தனி மைக் வைத்தார். மாரியம்மன் கோயில் விழாவுக்கு மைக் செட் கட்டியபோதுகூட, இடைவேளையில் குழாய்ப் பாட்டைப் போட்டு என்னை இருமவிட்டார்கள். தெருவே நின்று கேட்டது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு பெரியவர் வந்து எனக்குச் சுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா எனக்குப் பெண் பார்த்தார். எனக்கு அப்பா அம்மா இல்லை, வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு யூனிபார்ம் தைக்குது. கையும் வாயும் சுத்தம். மீன்ல செவுளத் தூக்கிப் பாத்துதான் வாங்கும், என்னாலயே ஏமாத்த முடியாது. நாப்பது ஆவுது, குடும்பப் பாரத்துல கல்யாணம் தள்ளிப் போயிடுச்சி. உன்ன மாதிரி சத்தமில்லாத ஆளுதான் வேணும்னு சொல்லுது" என்றார் அக்கா.

மூன்று வருடமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறாராம். அக்கா காட்டிய புகைப்படத்தில், அந்தப் பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தார். முகம் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"வூட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார் பாய்.

"அண்ணங்காரரு. உப்பளத்துல ஜெராக்ஸ் கடை."

பாய் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். பிரிவினைக்குப் பிறகு மன்றத்தில் சேர்ந்த அக்காவுக்கு, பிரிந்து போனவர் அவர்தான் என்று தெரியாது. மில்காரர்தான் சொன்னார். "யக்கா, மத்ததெல்லாம் பரவால்ல. ஆனா அது இருமல எடுத்த வூடு."

ஜாதகம் பொருந்தியிருந்தது. மற்ற எதிலும் யாருக்கும் குறை இல்லை. இருமல் ஒன்றுதான் குறுக்கே நின்றது. அக்கா இரண்டு பக்கமும் நடந்தார், மீன் கூடையோடு. கடைசியில் உப்பளத்திலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. மாப்பிள்ளை பெண் பார்க்க வரலாம். அன்றைக்கு வீட்டில் குழாய்ப் பாட்டு போடப்படும். மாப்பிள்ளை இருமக் கூடாது. இருமாமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

மில்காரர் கொதித்தார். "இருமல வித்துக் கல்யாணமா?" பாய் வெகுநேரம் யோசித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "தம்பி, மனசுக்குள்ள இருமிக்க. அது போதும். கொள்கைக்கு ஒண்ணும் ஆவாது."

ஆனால் உடம்பு கேட்க வேண்டுமே. பாட்டைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். இரண்டாம் சரணம் முடிந்து டோலக்கு நின்றதும் என் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. பனங்கற்கண்டை வாயில் அடக்கிப் பார்த்தோம். கற்கண்டு தெறித்துப் பாயின் கல்லாவில் விழுந்தது. துண்டைக் கடித்துப் பார்த்தேன். துண்டோடு இருமினேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "கட்டிக்கப் போற பொண்ண நெனச்சிக்கினு அடக்குடா." நினைத்துக்கொண்டேன். இன்னும் பலமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேரும் ஆட்டோவில் உப்பளம் போனோம். எனக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லாததால் மன்றம்தான் மாப்பிள்ளை வீடு. அக்கா பட்டுப்புடவை கட்டித் தாம்பூலத் தட்டைப் பிடித்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு, அறுந்துபோன பழைய கேசட்டையும் பாய் வைத்திருந்தார். "மரியாதைக்கு" என்றார்.

ஜெராக்ஸ்காரர் வாசலில் நின்றார். "வாங்க முசே, வாங்க" என்று என்னிடம் கை நீட்டினார். எங்கள் ஊரில் யாரையாவது கொஞ்சம் கிண்டலாகப் பெரிய மனிதனாக்க வேண்டுமென்றால் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். "நீங்கதானா அது? மைக்ல இருமறவரு?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. அவற்றைக் கொண்டுவந்தவர் ஒரு சித்தி. பெண் உள்ளறையில், பச்சைத் திரைக்குப் பின்னால். ஜெராக்ஸ்காரர் போனை ஸ்பீக்கரில் இணைத்தார். அந்தக் காரியத்தை அவர் செய்த விதத்தைப் பார்த்தேன். முதலில் கையைத் துடைத்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்ததும் அவர் கண் தானாக மூடியது. குடத்தை வைத்துவிட்டு அவன் காத்திருக்கிற இடத்தில் அவரும் உதட்டுக்குள் கூடவே பாடினார். எங்கள் கடையில் நாங்கள் உட்காருகிற மாதிரியேதான் அவரும் உட்கார்ந்திருந்தார். இவரை இத்தனை நாள் திட்டியிருக்கிறோமே என்று இருந்தது.

இரண்டாம் சரணம் முடிந்தது. ஆர்மோனியம் நின்றது. டோலக்கு நின்றது.

மில்காரர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சைப் பிடித்தேன். நெஞ்சிலிருந்து கிளம்பியது கழுத்துவரை வந்து நின்றது. காது அடைத்துக்கொண்டது. கேசரித் தட்டு என் கையில் ஆடி, முந்திரி ஒன்று தரையில் உருண்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது.

ஒரே ஒரு இருமல். சரியான இடத்தில். மூன்றாம் சரணம் வந்தது, ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. பாய் எழுந்து நெஞ்சில் கை வைத்து நின்றார்.

"மொளவா நெடி" என்றார் ஜெராக்ஸ்காரர், முகம் வெளுத்து.

"அடுப்பே அணைச்சாச்சி, இன்னா நெடி?" என்றார் அக்கா.

"சளி புடிச்சிருக்கும்."

"நேத்து மீன் வாங்கறப்ப நல்லாத்தான் கத்திச்சி."

"அப்போ தானா வந்திருக்கும். இப்பவே காட்றேன் பாரு" என்று ஜெராக்ஸ்காரர் பாட்டை முதலிலிருந்து போட்டார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் திரையை நோக்கிச் சாய்ந்துகொண்டோம். சித்தி பஜ்ஜிக் கரண்டியோடு வந்து நின்றார். சரணம் முடிந்தது. இசை நின்றது. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை.

நான் இருமிவிட்டேன்.

திரையைக் கவனித்துக்கொண்டிருந்ததில் என்னைக் கவனிக்க மறந்துபோனேன். மாரியம்மன் கோயிலில் இருமியதைவிட நன்றாக வந்தது. மில்காரரால் பொறுக்க முடியவில்லை. "சபாஷ்!" என்று கத்திவிட்டார்.

ஜெராக்ஸ்காரர் போனை நிறுத்தினார். "இருமக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா? வெத்தல பாக்க எடுத்துக்கங்க. என் வூட்ல இருமுனவனுக்கு எடம் இல்ல."

படத்தில் பார்த்த பாதி முகத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது திரை விலகியது. காபித் தம்ளரோடு அல்ல, ஒரு சொம்புத் தண்ணீரோடு அவர் வந்தார். நேராக என்னிடம் வந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல இருமுனது நான்தாண்ணா. இருமுனவங்களுக்கு எடம் இல்லன்னா, என்னையும் சேத்து இவரு கூட அனுப்பிடு."

கொஞ்ச நேரம் குழாய்ப் பாட்டின் நடுவில் இருக்கிற மாதிரி ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு அக்கா தட்டை ஜெராக்ஸ்காரர் கையில் வைத்தார். "வாங்கிக்க சம்பந்தி. பொண்ணே பேசிடுச்சி." அவர் தட்டை வாங்கிக்கொண்டார். வெற்றிலையை நகர்த்தி, அறுந்த கேசட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார்.

கல்யாண மண்டபத்தில் குழாய்ப் பாட்டை இரண்டு தடவை போடுவது என்று உடன்பாடு ஆனது. ஒரு தடவை இருமலோடு, ஒரு தடவை இல்லாமல். முதல் தடவை மாலையும் கழுத்துமாக நான் மைக்கில் இருமினேன். நாதஸ்வரக்காரர், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று கெட்டிமேளத்தை அவசரமாக ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தடவை, அடக்கமான முகத்தோடு உப்பளத்தார் எழுந்து நின்று அந்த மௌனத்தைக் கேட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் பாட்டுக்காரரே எங்கள் ஊருக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன அரங்கத்தில் பாடினார். குழாய்ப் பாட்டைப் பாடவில்லை. முடிந்ததும் பாயும், இப்போது எனக்கு மச்சானாகிவிட்ட ஜெராக்ஸ்காரரும் ஒன்றாகப் போய் அவர் முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்.

"ஐயா, குழாய்ப் பாட்டுல அந்த இருமல் இருக்குதே..." என்று பாய் ஆரம்பித்தார்.

"இருமலா? என் பாட்டுலயா?" பாட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஓ, அதுவா! அது நான் இல்லீங்க. ரெக்கார்டிங் நடக்கும்போது டீ கொண்டுவந்தவரு கதவத் தொறந்துக்கிட்டு வந்து இருமிட்டாரு. திரும்பப் பாட நேரம் இல்ல, அப்படியே விட்டுட்டோம்."

அதை எடுக்கச் சொன்னது நீங்களா, கம்பெனிக்காரனா என்று மச்சான் கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்றார் அவர்.

மன்றத்தில் மற்றவர்கள் சீக்கிரம் தேறிக்கொண்டார்கள். அந்த டீக்காரர் பெரிய கலைஞர் என்று மில்காரர் முடிவு செய்துவிட்டார். உள்ளே வருகிறவன் இருமியிருக்கிறான், நான் சொன்னதுதான் சரி என்று அக்கா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு மீன் விற்றார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் வாழ்க்கையில் நாலு பேர் கேட்க நான் செய்த ஒரே காரியம், யாரோ டீக்காரருடைய இருமலைத் திருப்பிச் செய்ததுதானா?

வீட்டில் அவள் யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எப்படியோ திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அதுக்கா மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

"அன்னைக்கு நீயும் அந்தப் பாட்டுக்காகத்தானே இருமுன?"

"அந்தப் பாட்டா? எனக்கு அது புடிக்கவே புடிக்காது. எங்கண்ணன் போட்டுப் போட்டு காது புளிச்சிப் போச்சி. இருமல் எந்த எடம்னு அதனாலதான் தெரியும்."

"அப்போ ஏன் இருமுன?"

பல்லால் நூலைக் கடித்தாள். "திரை சந்துல உங்களப் பாத்துக்கினு இருந்தேன். மூச்ச அடக்கி, மூஞ்செல்லாம் செவந்து, கண்ணு ரெண்டும் வெளிய வந்து நின்னுச்சி. கேசரி வேற கொட்டப் போவுது. பாவமா இருந்துச்சி. உங்களால முடியலன்னு உங்களுக்குப் பதிலா நான் இருமிட்டேன். அவ்ளோதான்."

பதில் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது. அவள் சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, சரி, புரியுது" என்றாள்.

பாட்டுகள் ஏன் பிடிக்கும் என்றுதான் கேட்டிருந்தார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது இவ்வளவுதான். பாட்டுக்காரர் இதைப் படித்தால், அந்த டீக்காரரை எங்காவது பார்க்கும்போது புதுச்சேரியில் ஒருவன் விசாரித்ததாகச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை.